காளானில் காளான் எங்கே?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் போனால் ஒரு சத்தம் உங்களை இழுக்கும். கல்லில் கரண்டி 'டங் டங்' என்று கொத்துகிற சத்தம். தள்ளுவண்டிக் காளான்! கோயமுத்தூர்க்காரர்களுக்கு அறிமுகமே வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து, கொஞ்சம் காளான் சேர்த்து, மைதாவில் பிசைந்து பொரித்து, கல்லில் போட்டு மசாலாவோடு கொத்தி, வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சில வண்டிகளில் அதுவும் இருக்காது.

அப்படியென்றால் இது ஏமாற்று வேலைதானே?

பி.காம். படித்தவனுக்கு 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் லேசில் மறக்காது. இன்ன பொருள் என்று சொல்லி விற்றால் அது அந்தப் பொருளாகவே இருக்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு. அதன்படி நம்ம காளான் ஃபெயில். ஆனால், தட்டோடு நிற்கிற யாராவது ஏமாந்தமாதிரி தெரிகிறதா? "ஏனுங்க, இதுல காளான் எங்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "தேடுங்க, கெடைக்கும்ங்க" என்பார் வண்டிக்காரர். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். விற்கிறவருக்கும் தெரியும், தின்கிறவருக்கும் தெரியும். அதற்குப் பொய் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

டென்மார்க்கிலும் இப்படி ஒன்று உண்டு. கோபன்ஹேகன் தெருக்களில் 1921-லிருந்து ஹாட் டாக் வண்டிகள் நிற்கின்றன. பெயரில்தான் நாய், உள்ளே சாசேஜ். அதிலும் சிவப்புச் சாயம் ஏற்றிய சாசேஜுக்குத் தனி மவுசு. முந்தின நாள் சரக்கு என்று அடையாளம் தெரியச் சாயம் ஏற்றி மலிவாக விற்றார்களாம், ஜனங்களுக்கு அதுவே பிடித்துப்போச்சாம். அங்கே வழங்குகிற கதை இது. பாருங்கள், அந்தச் சாயம் எதையும் மறைக்கவில்லை. 'நான் பழசு' என்று காட்டிக்கொடுத்தது.

நம் பக்கத்துச் சாயம் வேறு ரகம். ரோடமைன்-பி துணிக்குப் போடுகிற சாயம். அது கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தது. அடுத்த மாதமே கர்நாடகாவில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் கூடாது என்றார்கள். பஞ்சுமிட்டாய் கேட்டு அழுகிற குழந்தைக்கு ரோடமைன் தெரியுமா? கோஸ் கண்ணுக்குத் தெரியும், நாக்குக்கும் தெரியும். சாயம் எதற்கும் தெரியாது.

சரி, இப்போதுதான் ரயிலை விட்டு இறங்கிய ஒருத்தர் காளான் என்று நம்பிக் காசு கொடுக்கிறார். சுற்றி நிற்பவர்களின் சிரிப்பில் அவருக்குப் பங்கில்லை. அவர் விஷயத்தில் இது ஏமாற்றுதான், சின்னதாக இருந்தாலும். "கோசுதானுங்க அதிகம்" என்று தட்டை நீட்டுமுன் சொல்லிவிட வேண்டும். வருஷக்கணக்காக ஒரே முனையில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். வண்டியில் சக்கரம் இருந்தாலும் நாளைக்கும் அதே இடத்தில், அதே முகங்களுக்கு முன்னால்தானே நிற்க வேண்டும்?

கோஸைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம், சட்டியில் இருக்கிற எண்ணெய் என்றைக்கு ஊற்றியது என்றும் கேளுங்கள். அதற்கும் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் நான் இரண்டு தட்டு வாங்குவேன்.