சும்மா பார்க்கத்தானே போனேன்!

‘சும்மா பார்க்கத்தானே சார் போனேன்? பறவையைக் கல்லாலயா அடிச்சேன்?’

கேமராவும் கையுமாகக் காட்டுக்குள் போகிறவர்களைத் தடுத்தால் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். இதற்கான பதில், விசித்திரமாக, நம்ம வேலூர், ஆம்பூர் பக்கம் இருக்கிறது.

முதலில் பறவை. முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மத்தி மரங்களின் உச்சியில் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளிக்கிறோமே, அதுதான். தோல் வியாபாரத்துக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு. செத்த மாட்டின் தோலை மனிதன் உரித்துக்கொண்டு போவான். மிச்சத்தைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்தது இந்தப் பறவை.

மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, மாட்டிறைச்சி வழியாகப் போய் இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-ல் இது நிரூபணமாகி, 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் நாட்டிலிருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டன. தென்னிந்தியாவில் மிச்சமிருப்பவற்றுக்கு மாயாறுதான் பிரசவ வார்டு. ஒரு ஜோடி வருஷத்துக்கு இடுவது ஒரே ஒரு முட்டை.

அந்த மரத்தடியில் ஒருவர் போய் நிற்கிறார். தாய்ப்பறவை மிரண்டு எழும்புகிறது. முட்டை வெயிலில் கிடக்கிறது. காக்கை பார்த்துவிட்டால் கதை முடிந்தது. படத்தைப் பார்த்த நண்பர்கள், ‘எந்த இடம் சார்?’ என்கிறார்கள். பெருமையாகச் சொல்கிறார். அடுத்த வாரம் பத்துப் பேர். ஒவ்வொருவரும் ‘ஒரே ஒரு நிமிஷம்தான்.’

இனி பாலாறு. ‘என் ஒரு ஷெட் தண்ணியிலயா ஆறு கெட்டுடும்?’ என்று ஒவ்வொரு தோல் ஷாப்காரரும் கேட்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எல்லாருமாகச் சேர்ந்து கெடுத்த நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் என்கிறது, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் கொடுத்த தீர்ப்பு.

‘கெடுத்தவனே காசு கொடு’ என்ற அதன் ஒரு கொள்கை பிரபலம். இன்னொன்று, முன்னெச்சரிக்கைக் கொள்கை. திருத்தவே முடியாத கெடுதல் வரும் என்ற பயம் இருந்தால், ‘இன்னும் நிரூபணமாகலையே’ என்று சும்மா இருக்கக் கூடாது. தன் செயலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, அதைச் செய்கிறவருடையது.

பறவை பார்க்கிறவருக்கும் இதுதான் சட்டம் என்பேன். ஷாப்காரருக்காவது அபராதம் போடலாம், சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லலாம். போன முட்டைக்கு யாரிடம் எவ்வளவு கட்டுவது? காசு கொடுத்துச் சரிசெய்யும் வழி அடைபட்டபோது, முன்னெச்சரிக்கை ஒன்றுதான் பாக்கி.

‘பார்க்காம எப்படிங்க அன்பு வரும்?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பரத்பூரில் வருஷாவருஷம் எண்ணிப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் பாறுகள் குறைவதே வெளியே தெரிந்தது. ஆனால், எண்ணுவதற்கு பைனாகுலரும் பொறுமையும் போதும். கூட்டின் க்ளோசப் தேவையில்லை. தூரத்தில் நில்லுங்கள். வனத்துறை வேண்டாம் என்ற இடத்துக்குப் போகாதீர்கள். கூடு இருக்கும் இடத்தை நெருங்கிய நண்பருக்கும் சொல்லாதீர்கள். பிரசவ வார்டு வாசலில் நாம் காத்திருப்பதில்லையா?

கணக்கு எழுதிப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். வரவு, ஒரு போட்டோ. பற்று, ஒரு ஜோடியின் ஒரு வருஷம். இரண்டும் ஒரே நோட்டில் வந்தால் நாமே யோசித்துச் செலவு செய்வோம். வரவு நம் நோட்டிலும் பற்று பறவையின் நோட்டிலும் ஏறுகிறது. பாலாற்றங்கரையிலும் லாபம் ஒருவர் நோட்டில், நஷ்டம் அடுத்தவர் கிணற்றில் என்றுதானே இருந்தது?