தளர்ந்த பிடி

மதுரையைத் தாண்டியதும் சாலை நேராகிவிடுகிறது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று பலகைகள் வருகின்றன, போகின்றன. நான்குவழிச் சாலை ஊர்களுக்குள் நுழையாமல் ஒதுங்கியே போகிறது. இரு பக்கமும் கரிசல், நடுவே அரளிச் செடிகள். என் ஹயபுசா பைக் ஆறாவது கியரில், மணிக்கு 80 கிலோமீட்டரில், மூவாயிரம் சுற்றை ஒட்டி ஓடுகிறது. எஞ்சினின் சிவப்புக் கோடு பதினோராயிரத்தில்தான் தொடங்குகிறது. நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு மத்திய அரசு 2018-இல் வைத்த உச்ச வரம்பு இந்த 80.

*

2021-இல் வந்த ஹயபுசா 1340 சிசி, 190 குதிரைத்திறன். சமதரையில் நூறில் போவதற்கு இதில் பதினைந்துகூடச் செலவாகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனமாக ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும். 1999-இல் முதல் ஹயபுசா 300-ஐத் தொட்டுத் தாண்டியது. அதற்குப் பிறகு வண்டி தயாரிக்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி, 299-க்கு மேல் போவதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டன.

மிச்சமிருக்கும் 175 குதிரைத்திறன் எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாள் முழுக்க ஓடும்போதுதான் எனக்கு அதற்குப் பதில் கிடைக்கிறது. சின்ன எஞ்சின் இந்த வேகத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டே ஓடும். அந்த அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி, மதியத்துக்குள் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த எஞ்சினுக்கு அந்தப் பதற்றம் இல்லை. அது பதறாததால் எனக்கும் சாயங்காலம் வரை கவனம் மிஞ்சுகிறது. நீண்ட பயணத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு வண்டியால் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

*

கைப்பிடிகள் தாழ்வாக இருக்கின்றன. உடம்பு முன்பக்கம் சாய்கிறது. சாய்ந்த எடையை மணிக்கட்டில் இறக்கினால் ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு, வயிற்றிலும் முதுகின் அடியிலும் எடையைத் தாங்க வேண்டும். அப்போது முழங்கை தானாக மடங்கும், தோள் இறங்கும், கைகள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் எதிர்க்காற்றும் நெஞ்சுக்கு ஒரு முட்டுக் கொடுக்கிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அந்த முட்டு இல்லாததால்தான் மணிக்கட்டு அதிகமாக வலிக்கிறது.

அவ்வப்போது சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கை விரல்களை ஒவ்வொன்றாக அசைப்பது. சுலபமாக அசைந்தால் சரி. அசையவில்லை என்றால், எனக்குத் தெரியாமல் ஏதோ ஒரு யோசனை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சாலையைப் பற்றிய யோசனையாக இருக்காது. வீட்டில் பேசி முடிக்காத ஒரு பேச்சு, போட வேண்டிய ஒரு போன். தியானத்தில் உட்காருகிறவர்கள் மூச்சைப் பார்க்கிறார்கள். எனக்கு விரல்கள்.

*

காதுக்குள் நுரைப் பஞ்சு அடைத்துக்கொள்கிறேன். ஹெல்மெட்டைச் சுற்றி அறைகிற காற்றின் இரைச்சல் நாள் முழுக்கக் கேட்டால் காதைக் கெடுத்துவிடும். பஞ்சு வைத்தபிறகு ஒரு மாற்றம்: காற்றின் கூச்சல் அடங்கியதும் அடியிலிருந்த எஞ்சின் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. செயின் வறண்டிருப்பதுகூடத் தெரிகிறது.

*

சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு. கூடைக்காரப் பெண்மணி பிஞ்சின் நுனியைச் சீவி எறிந்துவிட்டு, அடிப்பாகம் பிரியாமல் நான்காகக் கீறி, கத்தி முனையாலேயே உப்பையும் மிளகாய்ப் பொடியையும் உள்ளே தடவிக் கொடுத்தார்.

“ஒத்தையாவா போறீக தம்பி?”

“ஆமாக்கா. நாகர்கோவில்.”

“அம்புட்டுத் தூரமும் யார்கூடவும் பேசாமயா?”

அப்படித்தான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொரு பிஞ்சை எடுத்துக் கீற ஆரம்பித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

*

கோவில்பட்டிக்குத் தெற்கே, சென்டர் மீடியன் விட்டிருக்கும் ஒரு இடைவெளியில், சைக்கிளில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கணக்குப் போட்டார். கடந்தார். நான் வருவதற்குள் நிதானமாக அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கணக்கைப் பற்றியே வெகுதூரம் யோசித்துக்கொண்டு வந்தேன். எதிரே நேராக வரும் மோட்டார் சைக்கிள், பார்ப்பவருக்கு ஒரு விளக்கும் ஒரு கோடும்தான். அது எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் கண் வேகத்தை அறியும். ஒல்லியான உருவம் கடைசிக் கணம் வரை பெரிதாவதே தெரியாது. ஆகவே அவர் தன் அனுபவத்தை வைத்துக் கணக்கிடுகிறார். இந்தச் சாலையில் வழக்கமாக வரும் வண்டிகளின் வேகம் அவருக்குப் பாடம். 80-இல் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. 160-இல் 44 மீட்டர். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ நான்கு மடங்கு. நான் 160-இல் வந்திருந்தால், அவருடைய கணக்கு சரியாகவே இருக்கும், நான் அதைப் பொய்யாக்கியிருப்பேன்.

வேகத்தை ஓட்டுகிறவரின் துணிச்சலாகவும் திறமையாகவும் மட்டுமே பேசுகிறோம். என் வேகத்தை நம்பிச் சாலையில் கால் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராங் சைடில் மெதுவாக வரும் மொபெட், சர்வீஸ் ரோட்டிலிருந்து தலையை நீட்டும் ஆட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுடைய கணக்குக்குள் நான் இருக்க வேண்டும். 80-இல் நிற்க இந்த ஒரு காரணம் போதும். அபராதத்தையோ கேமராவையோ நினைத்து வலது கையை அடக்கி வைத்தால் அது நெடுநேரம் நிலைப்பதில்லை. அந்தப் பெரியவரின் முகத்தை நினைத்தால் நிலைக்கிறது.

*

திருநெல்வேலியைத் தாண்டி, நாங்குநேரி, வள்ளியூர். பணகுடி வந்ததும் காற்று தொடங்கியது. ஆனி மாதம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாகப் பிதுங்கி வருகிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று முப்பந்தலில் அமைந்ததற்கு அந்தக் காற்றே காரணம். தெற்கு நோக்கிப் போகிறவனுக்கு அது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். ஹயபுசாவின் பக்கங்கள் முழுக்க மூடியவை. 260 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைக்கூட அந்த அகலத்தைப் பிடித்துக் காற்று நகர்த்துகிறது. நேராகப் போக வேண்டுமானால் வண்டியை வலப்பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டும். வளைவே இல்லாத சாலையில், கிலோமீட்டர் கணக்கில், சாய்ந்தபடி.

லாரியை முந்துவதற்கு வலப்பக்கம் ஏறினால் காற்று என்னை லாரியின் பக்கமே தள்ளும். பேருந்து ஒன்று என்னை முந்தினால் வேறு விதம். பேருந்தின் உடம்பு காற்றை மறைத்துவிடும். எதிர்த்துச் சாய்ந்திருந்த வண்டிக்குத் திடீரென்று எதிர்க்க எதுவும் இருக்காது. அது பேருந்தை நோக்கியே போகப் பார்க்கும். பேருந்து கடந்ததும் மறுபடி ஓர் அறை.

இங்கே கை தானாக இறுகுகிறது. இறுகினால் நிலைமை மோசமாகும். என் நெஞ்சிலும் தோளிலும் விழும் ஒவ்வொரு அடியும் விறைத்த கை வழியாக ஹேண்டில்பாருக்குப் போய், முன் சக்கரத்தைத் திருப்பிவிடும். காற்று வண்டியை அலைக்கழிப்பது பாதி, என் வழியாக அலைக்கழிப்பது மீதி. முழங்கால்களை இறுக்கி, கையைத் தளர்த்தினால் அந்த மீதிப் பாதி நின்றுவிடுகிறது. முன் சக்கரம் லேசாக ஆடி, தன் சாய்வைத் தானே தேடிக்கொள்கிறது. சக்கரத்தின் அமைப்பே அப்படி. அதற்கு அந்த வேலை தெரியும், இடம் கொடுக்க வேண்டும்.

சொல்வது எளிது. 80-லிருந்து 60-க்கு இறங்கி, லாரிகளை அவற்றின் போக்கில் விட்டுவிட்டு, பயம் உள்ள இடத்தில் பிடியைத் தளர்த்துவது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டிய காரியமாகவே இருக்கிறது. முந்தைய வருடம் பழகியது இந்த வருடக் காற்றுக்குக் கைகொடுப்பதில்லை. விரலை அசைத்துப் பார்ப்பேன். இறுகியிருக்கும். விடுவேன். அடுத்த அறை வரும். மறுபடி இறுகும்.

காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும் அதே காற்று முகத்துக்கு நேராக வந்தது. டேங்கின் மேல் குனிந்துகொண்டேன். இரு பக்கமும் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

*

நாகர்கோவிலில் அறைக்குப் போகும்முன் பின் டயரைக் குனிந்து பார்த்தேன். நடுவில் ஓர் அகலமான பட்டை தேய்ந்து தட்டையாகியிருக்கிறது. ஓரங்களில் டயர் இன்னும் புதிதாக, மெல்லிய ரப்பர் முட்களோடு. நேர்ச்சாலையின் கையெழுத்து இது. இப்படித் தட்டையான டயர் வளைவில் சீராகச் சாயாது, ஒரு விளிம்பில் தயங்கி நின்று பிறகு சட்டென்று விழும். தூரப் பயணத்துக்கென்று செய்யும் டயர்களில் நடுவில் கடினமான ரப்பரும் ஓரத்தில் மென்மையான ரப்பரும் வைப்பது இதற்காகத்தான். அடுத்த முறை அதைத்தான் போட வேண்டும்.

செயினுக்குச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் விட்டாயிற்று. டயருக்குக் காற்று காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் 42. கிளம்புவது ஐந்தரைக்கு, காற்று வலுப்பதற்கு முன். வடக்கே போகும்போது அது இடப்பக்கத்திலிருந்து வரும். நாளைக்குப் பேருந்துகள் மறைக்காது. நான் லாரியை முந்துகிற நேரத்தில்தான் காற்று அறுந்துபோகும்.