பலியைக் கேட்பவர் யார்?

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையின் பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டு எழுகின்ற நாம், ஒரு கேள்வியின் முன் மட்டும் நிற்பதில்லை. இயேசு நம் மீட்புக்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். விலை என்று ஒன்று கொடுக்கப்பட்டால் அதைப் பெற்றுக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டுமே, அவர் யார்? சிறுவர்கள் இதைத் தயங்காமல் கேட்டுவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாமோ, கேட்டால் விசுவாசக் குறைவு என்று பிறர் எண்ணுவரோ என்று வாய் மூடிக்கொள்கிறோம்.

ஆனால் திருச்சபையின் தந்தையர் அவ்வாறு வாய் மூடிக்கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நசியான்சு நகர்ப் புனித கிரகோரியார் தம் பாஸ்கா உரையொன்றில் இக்கேள்வியை அப்படியே எழுப்புகிறார். சிந்தப்பட்ட குருதி யாருக்குக் கொடுக்கப்பட்டது? தீயோனுக்கு என்றால், கொள்ளையடித்தவனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுத்ததாக ஆகிவிடும். இதனினும் இழிவு வேறில்லை என்று அதனை ஒதுக்குகிறார். தந்தைக்கு என்றால், நம்மைச் சிறைப்பிடித்து வைத்திருந்தவர் தந்தை அல்லரே! மேலும், ஆபிரகாம் ஒப்புக்கொடுத்த ஈசாக்கையே ஏற்றுக்கொள்ளாமல் ஆட்டுக்கிடாய் ஒன்றைப் பதிலாகத் தந்த தந்தை, தம் ஒரே மகனின் குருதியில் எவ்வாறு மகிழ்வார்? தந்தை அப்பலியைக் கேட்கவுமில்லை, அது அவருக்குத் தேவைப்படவுமில்லை. மனிதத்தைக் கடவுளின் மனிதத்தாலேயே தூய்மையாக்க வேண்டியிருந்ததால் அதனை ஏற்றார் என்பது அவர் கண்ட விடை.

அவருக்கு முன் வாழ்ந்த ஒரிஜன், விலை தீயோனுக்கே கொடுக்கப்பட்டது என்னும் கருத்தினராய் இருந்தார். பின்னாளில், 1098ஆம் ஆண்டளவில், காண்டர்பரியின் பேராயர் புனித ஆன்செல்ம், கடவுள் மனிதரானது ஏன் என்பதை ஆராய்ந்து நூல் எழுதியபோது, தீயோனுக்கு நம்மீது எவ்வித உரிமையும் இல்லை என்று மறுத்து, பாவத்தால் கடவுளுக்குரிய மாட்சியை நாம் கொடுக்கத் தவறினோம், அக்கடனைத் தீர்க்க மனிதனால் ஆகாது, மனிதரான கடவுளாலேயே ஆகும் என்று வாதிட்டார். கடவுளின் மாட்சி தன்னளவில் குறைவுபடாதது என்பதையும் அவர் கூறத் தவறவில்லை. எனினும் காலப்போக்கில் மறையுரைகளில் அவரது நுண்மை உதிர்ந்துபோய், சினங்கொண்ட அரசர் ஒருவரும் அவர் சினத்தைத் தணிக்கக் கொல்லப்பட்ட மகனும் மட்டுமே எஞ்சினர். நம்முள் பலர் இன்றும் சுமந்து திரிவது இப்படத்தைத்தான். விவிலியம் இதற்கு இடந்தருகிறதா என்பதே நம் வினா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் முன்னோர் ‘இரட்சகர்’ என்று செபித்த இடத்தில் நாம் இன்று ‘மீட்பர்’ என்கிறோம். மீட்பு நல்ல தமிழ்ச் சொல். அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒற்றியில் கிடக்கும் நிலத்தை மீட்கிறோம். ஆனால் நம் பழந்தமிழ் மரபில் வேறொரு மீட்பும் உண்டு. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையைக் கரந்தை சூடிய மறவர் மீட்டு வருவர். அங்கே யாரும் யாருக்கும் விலை கொடுப்பதில்லை. மீட்கச் சென்றவன் மாண்டால் அவன் நினைவாக நடுகல் எழும். அவன் உயிரை ‘விலை’ என்று நாம் சொல்லக்கூடும். அதைப் பெற்றுக்கொண்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

எபிரேயருக்கும் இத்தகைய சொல் ஒன்று இருந்தது: ‘கோயேல்’. வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக, அல்லது தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவனுக்காக, நெருங்கிய உறவினன் முன்வந்து மீட்க வேண்டும் என்று லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் விதிக்கிறது. அந்த உறவினனே கோயேல். ரூத்து நூலில் போவாசு ஆற்றுவது இக்கடமையையே. யோபு தம் துயரின் அடித்தளத்தில் கிடந்து நினைப்பதும் தம் கோயேலைத்தான். எசாயா நூல் கடவுளையே இப்பெயரால் அழைக்கிறது. ஆக, மீட்பர் என்ற சொல் அங்கே முதலில் உணர்த்துவது உறவை. எகிப்திலிருந்து இஸ்ரயேலைக் கடவுள் மீட்டாரே, பார்வோனுக்கு அவர் என்ன விலை கொடுத்தார்? ஒரு காசும் இல்லை. பணமின்றியே மீட்கப்படுவீர்கள் என்று எசாயா நூலின் ஐம்பத்திரண்டாம் அதிகாரம் நாடுகடத்தப்பட்டோர்க்கு உறுதி கூறுவதும் இந்த நினைவின் மேல் நின்றே.

இனிக் குருதியைப் பற்றி. இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும்; ஏனெனில் நம் தவறான எண்ணங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. பலியில் குருதி சிந்துவது சாவைக் காட்டுவதற்காக என்று எண்ணுகிறோம். லேவியர் நூலின் பதினேழாம் அதிகாரம் சொல்வதோ வேறு: உயிர் குருதியில் இருக்கிறது, ஆகவே அது பீடத்திற்குரியது. அதைவிட வியப்பு, அக்குருதியைப் பாவக் கழுவாய்க்கெனத் தந்தவர் தாமே என்று கடவுள் அங்கே கூறுவது. மனிதன் கடவுளுக்குக் கொடுப்பதாக நாம் நினைத்திருந்த ஒன்று, கடவுள் மனிதனுக்குக் கொடுத்ததாக மாறிவிடுகிறது. திசையே திரும்பிவிடுகிறது!

அதே நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், நாம் விரைந்து படித்துச் செல்லும் ஒரு விதி கிடக்கிறது. பாவம் போக்கும் பலிக்கு ஆடு கொண்டுவர இயலாத ஏழை இரு காட்டுப் புறாக்களையோ இரு மாடப்புறாக் குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியற்றவன் மாவில் ஒரு சிறு அளவு கொண்டுவந்தால் போதும்; எண்ணெயும் சாம்பிராணியும்கூட வேண்டாம். அவனுக்கும் பாவ மன்னிப்பு உண்டு. ஒரு சொட்டுக் குருதியும் இல்லை, ஒரு பிடி மாவுதான்! எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர் திருச்சட்டப்படி குருதியால் தூய்மையாகாதது இல்லை என்று முடித்துவிடாமல், ‘ஏறக்குறைய’ எல்லாம் என்று எழுதியபோது இந்த ஏழையை நினைத்திருப்பாரோ என்னவோ. இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுக்க வந்த மரியாவும் யோசேப்பும் கொண்டுவரத் தக்கதாக லூக்கா குறிப்பிடுவதும் ஆட்டுக்குட்டி அன்று. ஏழைகளின் காணிக்கையான புறாக்களே.

பாவக் கழுவாய் நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கிடாய்கள் நிறுத்தப்பட்டு அவற்றின்மேல் சீட்டுப் போடப்பட்டதை அறிவோம். ஒன்று ஆண்டவருக்குப் பலியாகும். மற்றதன் தலைமேல் தலைமைக் குரு இரு கைகளையும் வைத்து மக்களின் குற்றங்களையெல்லாம் அறிக்கையிட, அது பாலைநிலத்துக்கு அனுப்பப்படும். இதில் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. மக்களின் பாவங்களைச் சுமந்த ஆடு பீடத்தில் கொல்லப்படவில்லை. பலியிடப்பட்ட ஆட்டின்மேலோ பாவங்கள் அறிக்கையிடப்படவில்லை. பாவத்தைச் சுமந்ததால் கடவுள் அதனைத் தண்டித்துக் கொன்றார் என்று சொல்ல இச்சடங்கில் இடமே இல்லை. பாஸ்கா செம்மறியும் அவ்வாறே. விடுதலைப் பயண நூலில் அது பாவம் போக்கும் பலி அன்று. அடிமைகள் இடையைக் கட்டிக்கொண்டு, பயணத்துக்கு ஆயத்தமாய், விரைந்து உண்ட உணவு. யோவானோ, பாஸ்காவுக்கு ஆயத்த நாள் நண்பகலில் இயேசு தீர்ப்பிடப்பட்டதையும் அவர் கால்கள் முறிக்கப்படாததையும் ஈசோப்புத் தண்டையும் குறித்துக் காட்டி, அந்த விடுதலையின் செம்மறியைப் பாவம் போக்கும் செம்மறியோடு ஒன்றாக்கிவிடுகிறார்.

பிள்ளைகளை நெருப்பில் பலியிடும் கொடுமை யூதாவிலும் நடந்தது. இன்னோம் பள்ளத்தாக்கில் நடந்த அப்பலிகளைப் பற்றி, தாம் கட்டளையிடாதது, தம் எண்ணத்திலும் எழாதது என்று எரேமியா வழியாகக் கடவுள் கூறுகிறார். பலியைவிட இரக்கத்தையே விரும்புவதாக ஓசேயா வழியாகக் கூறியதை இயேசு மத்தேயு நற்செய்தியில் இருமுறை நினைவூட்டுகிறார். அவ்வாறாயின், பலியைக் கேட்பவர் யார்?

யோவான் நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரம் பெயரோடு சொல்கிறது: கயபா. மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவன் சாவது நலம் என்று கணக்குப் பார்த்தவர் அவரே. கணக்கு நேர்த்தியானது; நாடு காப்பது என்னும் நல்ல நோக்கமும் உடையது. எசாயா நூலின் துன்புறும் ஊழியன் பாடலிலும் இதன் எதிரொலி உண்டு. அவர் கடவுளால் அடிக்கப்பட்டவர் என்று எண்ணியது ‘நாம்’ என்றே அது ஒப்புக்கொள்கிறது. எண்ணியது நாம், கடவுள் சொன்னதாக அங்கு இல்லை.

கயபாவின் கணக்கை நம் இல்லங்களிலும் காண்கிறோம். நமக்குத் தெரிந்த குடும்பமொன்றில் மூத்த மகள் பத்தாம் வகுப்போடு நின்று, வேலைக்குச் சென்று, தம்பியர் மூவரைப் படிக்கவைத்தார், மணமுடிக்கவில்லை. பெற்றோரின் திருமணப் பொன்விழாத் திருப்பலியில் அவரது தியாகத்தைக் கிறிஸ்துவின் பலியோடு ஒப்பிட்டு எல்லாரும் மனமுருகப் பேசினர். மாலையில் அக்கா மெல்லச் சொன்னார்: “என்னை யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.” அடிபடும் மனைவியிடம் சிலுவையைச் சுமந்துகொள் என்று நாம் ஆறுதல் கூறும்போதும், கூலி குறைத்துத் தரப்படும் தொழிலாளியிடம் அவர் துன்பத்தை ஒப்புக்கொடுக்கச் சொல்லும்போதும், பீடத்தில் நிற்பது நாம், கிடத்தப்பட்டிருப்பவர் அவர். இதற்குக் கல்வாரியின் பெயரைச் சூட்டுவது கல்வாரிக்கும் இழுக்கு.

கடவுள் கேட்கிறார் என்பதைத்தான் நற்செய்தி முதலிலிருந்தே காட்டுகிறது. நாசரேத்தில் கன்னி மரியாவின் விடைக்கு வானதூதர் காத்து நின்றார். கெத்சமனியில் கிண்ணம் அகலட்டும் என்று மகன் வேண்ட முடிந்தது. வேண்டிய பிறகே இசைந்தார். தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமே கொடுப்பதாக அவர் முன்னமே கூறியிருந்தார். மோரியா மலையில் ஈசாக்கைக் கேட்டதாகத் தொடக்க நூலில் இல்லை. அந்த மௌனம் யூத மரபினரையும் உறுத்தியிருக்க வேண்டும். பிற்கால விளக்கங்களில் ஈசாக்கு தாமே மனமுவந்து கட்டுண்டதாக அவர்கள் சொல்லிக்கொண்டனர்.

1941 சூலை இறுதியில், அவுஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து கைதி ஒருவர் காணாமற்போனதற்குத் தண்டனையாகப் பதின்மர் பட்டினிச் சாவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். தெரிந்தெடுத்தவரின் கணக்கு கயபாவின் கணக்கே. சிலர் செத்தால் மற்றவர் அடங்குவர். அவர்களுள் பிரான்சிசெக் கயோவ்னிசெக் என்பவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறவே, பிரான்சிஸ்கன் துறவியான மாக்சிமிலியன் கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பதிலாகத் தாம் செல்வதாகக் கூறினார். ஆகஸ்டு 14ஆம் நாள், இன்னும் உயிரோடிருந்த அவர் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். அச்சாவைக் கேட்டவர்களும் கொன்றவர்களும் முகாமின் அதிகாரிகளே. கடவுள் அங்கே எந்தப் பக்கம் நின்றார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இதனை வாணிகமாகக் கணக்கிட்டால் இழப்பே மிகும். கயோவ்னிசெக் போர் முடிந்து இல்லம் திரும்பியபோது மனைவி இருந்தார். எந்த மக்களுக்காகக் கதறினாரோ அந்தப் புதல்வர் இருவரும் 1945இல் குண்டுவீச்சில் மாண்டு போயிருந்தனர். ஒருவர் உயிருக்கு ஈடாகப் பெற்ற வாழ்வு இதற்குத்தானா என்று அவர் எத்தனை இரவுகள் கேட்டிருப்பாரோ! எனினும் அவர் 1995 வரை வாழ்ந்தார். கோல்பேயைப் பற்றி இறுதிவரை ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1982 அக்டோபர் 10ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கோல்பேயை மறைசாட்சியென்றும் புனிதரென்றும் உரோமையில் அறிவித்தபோது, கூட்டத்தினரிடையே முதியவராய் அவரும் நின்றிருந்தார்.