தொப்பியும் தெரிவும்

சுதந்திரம் என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமாறு உயர்தர வகுப்பு மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் "விரும்பியதைத் தெரிந்துகொள்ளும் உரிமை" என்றே விடை பகர்வர். அவ்விடை பிழையானதன்று, ஆனால் நிறைவானதும் அன்று. தெரிவு செய்பவன் அத்தெரிவின் விலையைத் தானே கொடுக்கின்றானா, அல்லது பிறனொருவன் மீது சுமத்துகின்றானா என்னும் வினா அவ்விடையில் இடம்பெறவில்லை. இவ்வினாவைப் பெருந்தத்துவங்களைக் கொண்டு ஆராய்வதினும், எல்லோரும் அறிந்த ஓர் எளிய பொருளைக் கொண்டு ஆராய்வது நலம். அப்பொருள் தொப்பி.

மேனாட்டார் அணியும் ஃபெடோரா என்னும் தொப்பியைப் பழைய திரைப்படங்களில் நாம் கண்டிருக்கின்றோம். 1882ஆம் ஆண்டில் பாரிசில் அரங்கேறிய சார்தூவின் நாடகம் ஒன்றின் கதாநாயகியின் பெயரே அத்தொப்பிக்கு வாய்த்தது. அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் புகழ்பெற்ற நடிகை சாரா பேர்ண்ஹார்ட். முதலிற் பெண்கள் விரும்பி அணிந்த அது, பின்னர் ஆடவருக்கு உரியதாகியது. முயல், பீவர் முதலிய பிராணிகளின் மயிரை வெந்நீராலும் நீராவியாலும் நனைத்து, அழுத்தித் திரட்டி ஆக்கப்படும் ஃபெல்ட் என்னும் கம்பளமே அதன் மூலப்பொருள்.

அத்தொப்பியைக் கையாற் செய்வோரிடம் சொல்லிச் செய்விப்போர் இன்றும் உளர். அவ்வாறு சொல்லச் செல்பவனிடம் பல வினாக்கள் கேட்கப்படும். கம்பளம் முயல் மயிரா, பீவர் மயிரா? முடியின் உயரம் எவ்வளவு? விளிம்பின் அகலம் எவ்வளவு? உச்சியில் நீண்ட பள்ளம் ஒன்று விழவேண்டுமா, கண்ணீர்த்துளி வடிவில் விழவேண்டுமா? நாடா எந்த நிறம்? உள்ளே தைக்கும் தோற்பட்டி எத்தகையது? தலையின் வட்டத்தை மட்டுமன்றி அதன் மேடுபள்ளங்களையும் கடதாசியிற் குத்திக் காட்டும் கருவி ஒன்றைக்கூடப் பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்திருந்தனர். இத்தனை வினாக்களுக்கும் விடை கூறி முடித்தவன், தன் விருப்பம் முழுவதும் நிறைவேறப் போகின்றது என்று மகிழ்கின்றான். ஆனால் அவ்வினாக்களை மீண்டும் நோக்குக. ஒன்றேனும் அத்தொப்பியைச் செய்யும் மனிதனைப் பற்றியதாக இல்லை. எத்தனை நாளில் செய்வான்? எதைச் சுவாசித்துக்கொண்டு செய்வான்? அவனுக்குக் கிடைப்பது என்ன? இவை அப்பட்டியலில் இல்லாத வினாக்கள்.

இவற்றுக்குச் செல்லுமுன், தெரிவு என்பதன் இயல்பை நாம் சற்றுத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். விருப்பம் வேறு, தெரிவு வேறு. இவ்வேறுபாட்டை எமது நாட்டு வரலாற்றிலேயே, அதுவும் ஒரு தொப்பியின் வரலாற்றிலேயே, காணலாம்.

ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883ஆம் ஆண்டில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1901 வரை அவர் இங்கு வாழ்ந்த காலத்தில், துருக்கித் தொப்பி எனப்படும் சிவந்த ஃபெஸ் தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே செல்வாக்குப் பெற்றது. 1905ஆம் ஆண்டில், முஸ்லிம் சட்டத்தரணியான எம். சி. அப்துல் காதர் அத்தொப்பியுடனும் காலணியுடனும் உயர்நீதிமன்றத்திற் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதனை ஏற்க மறுத்தார். தொப்பியைக் கழற்றுக, அன்றேல் காலணியைக் கழற்றுக என்பதே அவர் நிலை. அப்துல் காதர் இரண்டையும் கழற்றவில்லை, நீதிமன்றத்தைவிட்டு வெளியேறினார். அவ்வாண்டின் இறுதி நாளில் மருதானைப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தனர். துருக்கித் தொப்பியின் நாடா நீண்டதா குறுகியதா என்பதைப் பற்றி அங்கு எவரும் பேசவில்லை. ஒரு மனிதன் தன் சமூகத்தின் அடையாளத்தோடு நீதியின் முன் நிற்கலாமா என்பதே அங்கு எழுந்த பிரச்சினை.

இனித் துருக்கியை நோக்குவோம். 1925ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டின் பாராளுமன்றம் தொப்பிச் சட்டத்தை நிறைவேற்றியது. ஃபெஸ் தொப்பி தடைசெய்யப்பட்டது. ஐரோப்பியர் அணியும் விளிம்புத் தொப்பி நாகரிகத்தின் சின்னமாக விதிக்கப்பட்டது. எதிர்த்தோர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர். இஸ்கிலிப் ஊரைச் சேர்ந்த ஆதிஃப் என்னும் மார்க்க அறிஞர், சட்டம் பிறப்பதற்கு முன்னரே மேனாட்டாரைப் பின்பற்றுவதைக் கண்டித்து நூலொன்று எழுதியிருந்தார். அவர் 1926 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். இதில் ஒரு விந்தையும் உண்டு. அத்தடைக்கு ஆளான ஃபெஸ் தொப்பியும் மக்கள் தாமே தெரிந்துகொண்டதன்று. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன், சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தலைப்பாகையை அகற்றி அதனை அணியுமாறு தம் படையினருக்கும் அதிகாரிகளுக்கும் கட்டளையிட்டிருந்தார்.

ஆகவே, ஒரே தொப்பி இஸ்தான்புல்லில் கட்டளையாகவும் கொழும்பில் உரிமையாகவும் விளங்கிற்று. சுதந்திரம் தொப்பியில் இல்லை. அதனை அணிவதா அன்றா என்று தீர்மானிப்பவர் யார் என்பதிலேயே உள்ளது. எமது கரையோர ஊர்களுக்கு இது பழங்கதை அன்று. 2019 ஏப்ரலில் முகத்திரை அவசரகால விதியினால் தடைசெய்யப்பட்டபோது, அரசு ஒரு பெண்ணின் உடையைத் தீர்மானிக்கலாமா என்று நாம் கேட்டோம். கேட்டது நியாயமே. ஆனால் அதே வாயால், ஊரும் உறவும் அவளுடைய உடையைத் தீர்மானிக்கலாமா என்று கேட்க எம்மிற் பலருக்குத் துணிவு வரவில்லை. தடுப்பதும் வற்புறுத்துவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். முதலாவதை மட்டும் கண்டிப்பவன் சுதந்திரத்தை நேசிப்பவன் அல்லன். தன் பக்கத்தை மட்டுமே நேசிப்பவன்.

அப்துல் காதர் தம் தெரிவுக்குரிய விலையைத் தாமே கொடுக்க முன்வந்தார். அதனாலேயே அது வெறும் விருப்பம் என்னும் நிலையினின்று உயர்ந்து தெரிவு ஆயிற்று. தொப்பியின் விளிம்பை இரண்டங்குலமாக்குவதா மூன்றங்குலமாக்குவதா என்று எண்ணுபவன் கொடுக்கும் விலை பணம் மட்டுமே. ஆனால் அவ்விருப்பத்துக்குப் பணமல்லாத விலை ஒன்றும் உண்டு. அதைக் கொடுத்தவன் வேறொருவன்.

முயல் மயிர் எளிதில் ஒன்றோடொன்று பிணைவதற்காக, அதனை இரச உப்பொன்றின் கரைசலில் நனைப்பது தொப்பித் தொழிலில் வழக்கமாய் இருந்தது. அம்மயிரை வேகவைத்து அழுத்தும்போது எழும் இரச ஆவியைத் தொழிலாளர் நாள்தோறும் சுவாசித்தனர். கை நடுங்கிற்று, பல் ஆடிற்று, பேச்சுக் குழறிற்று, மனம் பேதலித்தது. அமெரிக்காவிலே தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற டான்பரி நகரில், அந்நடுக்கத்துக்கு அந்நகரின் பெயரையே மக்கள் இட்டு வழங்கினர். இந்நோயைப் பற்றி நியூ ஜேர்சி மருத்துவர் ஒருவர் 1860ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஆயினும் அந்நாட்டின் தொப்பித் தொழிலில் இரசத்தின் பாவனை நிறுத்தப்பட்டது 1941ஆம் ஆண்டிலேயே ஆகும். போருக்குரிய வெடிபொருள்களுக்கு இரசம் தேவைப்பட்டதும் அதற்கு ஒரு காரணமாயிற்று. இடைப்பட்ட 81 ஆண்டுகளில் எத்தனை கனவான்கள் நாடாவின் நிறத்தைப் பற்றிச் சிந்தித்திருப்பர்!

தொழிலாளர் வாளாவிருந்தனர் என்று எண்ணுதல் தவறு. டான்பரியில் அவர்கள் சங்கம் அமைத்தனர். சங்கத்தை ஏற்க மறுத்த முதலாளியின் தொப்பிகளை வாங்கற்க என நாடெங்கும் வேண்டினர். அவ்வேண்டுகோள் வாணிபத்தைத் தடுக்கும் குற்றம் என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1908இல் தீர்த்தது. சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்பது 1915இல் உறுதியாயிற்று. தொழிலாளரின் வீடுகளும் வங்கிச் சேமிப்புகளும் அதற்கு ஈடாயின. வாங்குபவனுக்குப் பத்துத் தெரிவுகள் வழங்கிய அதே தொழில், செய்பவனுக்கு ஒரு தெரிவைக்கூட வழங்க மறுத்தது.

தொப்பி தூரத்துப் பொருள் என்பார்க்கு, கல்முனைக்கு வடக்கே அண்மையில் உள்ள மருதமுனையைக் காட்டுவோம். கைத்தறிக்குப் பேர்போன ஊர் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது பேரிழப்புக்கு உள்ளாகியும், நெசவைக் கைவிடாத ஊர். அங்கு சாறனோ சேலையோ சொல்லி நெய்விக்கச் செல்பவன், "இந்தக் கோடு மட்டும் பச்சையாக இருக்கட்டும்" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பச்சைக்கோடு குறுக்கே ஓடுவதாயின் நாடாவில் நூலை மாற்றினாற் போதும். நெடுக்கே ஓடுவதாயின் பாவையே மாற்றல் வேண்டும். ஒரு பாவு ஒரு சாறனுக்காக ஓடப்படுவதன்று. பல சாறன்களுக்காக ஓடப்படுவது. நூலுக்குச் சாயமிட்டு, உலர்த்தி, பாவோடி, ஒவ்வோர் இழையாக விழுதினூடும் அச்சினூடும் கோத்தெடுத்த பின்பே தறி இயங்கும். நம்முடைய ஒரு சொல், நெசவாளனுடைய ஒரு நாளைக்கும் மேற்பட்ட உழைப்பு. அந்நாளுக்குரிய கூலி அப்பச்சைக் கோட்டின் விலையில் சேர்ந்துள்ளதா? சொல்லி முடித்த பின், "நிறம் மனத்துக்குப் பிடிக்கவில்லை" என்று கைவிட்டுச் செல்வோமாயின், வேறெவர்க்கும் வேண்டாத அச்சாறனை அவன் யாரிடம் விற்பான்?

இவ்வினா புதியதன்று. இஸ்லாமியச் சட்ட அறிஞர் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை எழுப்பினர். சொல்லிச் செய்விக்கும் உடன்படிக்கைக்கு அவர்கள் இஸ்திஸ்னா என்று பெயரிட்டனர். அவர்கள் எடுத்துக்காட்டிய பொருள்கள் தொப்பி, காலணி, பாத்திரம் என்பன. இன்னும் உருவாகாத பொருளை விற்பது பொதுவிதிக்கு முரண் எனினும், மக்களின் வழக்கத்தையும் தேவையையும் கருதி ஹனபி அறிஞர் இதனை அனுமதித்தனர். ஆனால் பொருள் முடிந்தபின் வாங்குபவன் அதனைக் கண்டு மறுக்கலாமா என்பதிற் கருத்து வேறுபட்டது. கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ அவனுக்கு உரிமை உண்டு என்பது இமாம் அபூ ஹனீபாவின் நிலை. அவருடைய மாணவர் அபூ யூசுபின் கருத்தாக வழங்குவதோ வேறு: சொன்னபடி செய்யப்பட்டிருப்பின் வாங்குபவன் மறுக்கலாகாது. ஏனெனில், தொழிலாளி அவன் சொல்லை நம்பித் தன் தோலை வெட்டிவிட்டான். அவனுக்கென வெட்டியது பிறருக்குப் பயன்படாது. உதுமானியப் பேரரசு 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த மஜல்லா என்னும் சட்டத்தொகுப்பு, ஆசிரியருடைய கருத்தை விடுத்து மாணவருடைய கருத்தையே ஏற்றது.

நாம் பின்பற்றும் ஷாபிஈ வழியோ இன்னும் இறுக்கமானது. இத்தகைய உடன்படிக்கை சலம் என்னும் முன்பண விற்பனையின் விதிகளுக்கு அமைதல் வேண்டும். அவ்விதிகளுள் முதன்மையானது, விலை முழுவதும் உடன்படிக்கை செய்யும் அவையிலேயே கொடுக்கப்படல் வேண்டும் என்பது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறு நபிகளார் பணித்ததை மேடைதோறும் எடுத்துரைக்கும் எமது சமூகம், கடனுக்குச் சாறன் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் நெசவாளனை அலையவிடும்போது, எந்த வழியைப் பின்பற்றுகின்றது என்பதைத் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும்.

ஈண்டு இரு தடைகள் எழலாம். சொல்லிச் செய்விப்பவன் இல்லையேல் கைத்தொழிலாளி எவ்வாறு வாழ்வான் என்பது ஒன்று. இது மெய்யே. விசைத்தறியும் இயந்திரமும் ஒரே அச்சில் ஆயிரம் பொருள்களை வார்த்துத் தள்ளும் காலத்தில், "எனக்கென ஒன்று செய்க" என்று கேட்பவனே கையின் திறமையை மதிப்பவன். ஆகவே சொல்லிச் செய்விப்பதை நாம் கண்டிக்கவில்லை. செய்பவனை மறந்து சொல்வதையே கண்டிக்கின்றோம். "நீர் எது சிறக்கும் என்று கருதுகின்றீர்?" என்று அவனை ஒரு வார்த்தை கேட்பின், அவன் கட்டளையை நிறைவேற்றும் கருவி என்னும் நிலை நீங்கி, தன் அறிவையும் அதிற் செலுத்தும் மனிதன் ஆகின்றான். தான் செய்யும் பொருளே தனக்கு அந்நியமாகிப் போகும் நிலையைப் பற்றி மார்க்ஸ் 1844இல் எழுதினார். அந்நிலையை உடைக்கும் வழிகளுள் இச்சிறு வினாவும் ஒன்று.

தனி மனிதனின் நல்லெண்ணத்தால் என்ன ஆகும் என்பது மற்றைய தடை. இதுவும் வலுவுடையதே. தொப்பித் தொழிலில் இரசத்தை ஒழித்தது தொப்பி அணிந்தோரின் கருணை அன்று. நூலுக்கும் சாயத்துக்கும் நியாய விலை, இடைத்தரகரின் பிடியினின்று விடுதலை, நெசவாளரின் சொந்தக் கூட்டுறவு, தொழிலிடத்தைக் காக்கும் சட்டம் ஆகியன இன்றி, வாங்குவோனின் பண்பு மட்டும் தறியை வாழவைக்காது. ஆனால், கேட்கப்படாத வினாவுக்குச் சட்டம் ஒருபோதும் விடை அளிப்பதில்லை. அபூ யூசுப் தொழிலாளியின் வெட்டிய தோலை எண்ணிப் பார்த்தார். அதன் பின்னரே அது விதியாயிற்று. 81 ஆண்டுகள் எண்ணிப்பாராதிருந்த ஒரு சமூகத்திலோ, போரின் தேவை வந்து கதவைத் தட்டும் வரை நடுங்கும் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

எனவே, தொப்பியாயினும் சாறனாயினும் நமக்கென ஒன்றைச் சொல்லும்போது, வடிவம், நிறம், அளவு என்பவற்றோடு மூன்று வினாக்களையும் சேர்த்துக்கொள்வோம்: இதற்கு உமக்கு எத்தனை நாள் செல்லும்? அந்நாள்களுக்குரிய கூலி இவ்விலையில் அடங்கியுள்ளதா? இதனைச் செய்வதால் உம் உடலுக்குத் தீங்கு உண்டா? இவற்றைக் கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. விடைகளை ஏற்பதற்கு வேண்டும். அதனைக் கொடுக்க முன்வருவோமாயின், நமது விருப்பமும் தெரிவு என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.