திரும்பும் நேரம்

"என் உயிர், என் இஷ்டம். இதுல அடுத்தவங்களுக்கு என்ன?"

கிளாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்தபோது என் நண்பன் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் எங்கள் வீட்டுச் சமையலறை. மேசையில் ஒரு மலையின் வரைபடம் விரிந்து கிடந்தது. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயர்ந்த மலைகளை 'மன்ரோ' என்பார்கள். 1891இல் ஹியூ மன்ரோ என்பவர் முதன்முதலாகப் பட்டியல் போட்டதால் வந்த பெயர். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள் உள்ளன. நாங்கள் தேர்ந்தெடுத்தது பெய்ன் நா லாப். உயரம் 935 மீட்டர். ஏறுவதற்குக் கடினமான மலை இல்லை, ஆனால் ஒதுக்குப்புறமானது. பக்கத்தில் இருக்கும் கொரவர் ரயில் நிலையத்துக்குப் பொதுச் சாலையே கிடையாது. நாளொன்றுக்கு ஒரு சில ரயில்கள்தான். மாலை ரயிலை விட்டால் குளிரில் நிற்க வேண்டியதுதான்.

நம் கினபாலு மலையில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும், வழிகாட்டி வேண்டும். அங்கே அப்படி எதுவும் இல்லை. வாசலும் இல்லை, காவலரும் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கணக்கு வைக்க ஆள் கிடையாது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் மலைகளில் நடக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. பொறுப்போடு நடக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதுதான் எங்கள் சமையலறைச் சண்டை.

திட்டம் போட்டது எங்கள் சீனியர் அண்ணன். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கை அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். போக வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர். ரயில் நிலையமே 408 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது 530 மீட்டர் போல. மொத்தம் மூன்று மணி நேரம் வந்தது. "சேற்றுக்கும் மேகத்துக்கும் சேர்த்து அஞ்சு மணி நேரம்னு வச்சுக்கோ" என்றார். அது அக்டோபர் கடைசி. மாலை 6 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். காலை ரயில் எங்களை 11 மணிக்குப் பிறகுதான் இறக்கிவிடும். ஆகவே எங்கே இருந்தாலும் சரி, பிற்பகல் 2.30க்குத் திரும்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எங்களோடு தங்கியிருந்த அக்காவிடம் கொடுத்தார். எந்த வழி, எத்தனை பேர், என்ன நிறச் சட்டை, இரவு எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் போலீசை அழைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அப்போதுதான் நண்பன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அண்ணன் கோபப்படவில்லை. "நாம வரலைன்னா தேடி வர்றவங்க யாரு தெரியுமா? மலை மீட்புக் குழு. சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலை முடிஞ்சு வீட்டுல சாப்பிட உட்கார்ந்தவங்க எழுந்து வருவாங்க. நம்மகிட்ட காசு கேட்க மாட்டாங்க. அவங்க உயிர் யாரு இஷ்டம்?" என்று மட்டும் கேட்டார்.

போன நாளன்று சேறு நாங்கள் நினைத்ததைவிட மோசம். மேலே மேகம் மூடியிருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. மணி 2.30. உச்சிக்கு இன்னும் நூறு மீட்டர் போல ஏற வேண்டும். "இன்னும் இருபது நிமிஷம்தான் அண்ணா!" என்று நண்பன் கெஞ்சினான். உண்மையைச் சொல்கிறேன், என் கால்களும் மேலேதான் போகப் பார்த்தன. அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஓசியன் ஏரிப் பாதைக்கு நாங்கள் இறங்கி வந்தபோது மேகம் விலகியது. உச்சி பளிச்சென்று தெரிந்தது. நண்பன் அதைப் பார்த்துவிட்டு ரயில் வரும்வரை பேசவே இல்லை.

நாங்கள் எடுத்த முடிவு தவறா? ரொம்ப நாள் யோசித்தேன். மேகம் விலகும் என்று 2.30க்கு யாருக்கும் தெரியாது. முடிவு சரியா தவறா என்பதை, அதை எடுத்தபோது நமக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும். தவறான முடிவெடுத்துத் தப்பித்தவன் கெட்டிக்காரன் ஆகிவிட மாட்டான்.

இன்னொன்றும் புரிந்தது. மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்ட 'நான்' வேறு, உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் 'நான்' வேறு. மலையில் நிற்பவனுக்கு நிலவரம் அதிகம் தெரியும், உண்மைதான். ஆனால் அவனுக்கு ஆசையும் அதிகம். அதனால் திட்டத்தை மாற்றலாம், ஆனால் ஒரு பக்கமாகத்தான் மாற்றலாம். நிலவரம் மோசமானால் 2.30க்கு முன்பே திரும்பலாம். ஆசைக்காக 2.30ஐத் தாண்டக்கூடாது. அந்த நேரத்தை நம்பி இன்னொருவர் வீட்டில் காத்திருக்கிறார்.

அதற்காக ஆபத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் யாருமே மலை ஏற முடியாது. உங்கள் உயிரை வைத்து ஏறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த ஆபத்தைச் சுமப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. கூடச் சுமப்பவரிடம் அதை மறைக்காதீர்கள், சொன்ன நேரத்தை மீறாதீர்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் நமக்கு நாமே காவலாக இருப்பதுதான் சுதந்திரம் என்று நினைக்கிறேன்.

ரயில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கைப்பேசிக்குச் சிக்னல் வந்தது. அக்காவை அழைத்தேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார். உச்சிக்குப் போனீர்களா என்று கேட்கவே இல்லை.

"எத்தனை பேர் வர்றீங்க?" என்றார். "மூணு பேரும்தான் அக்கா."

"சரி, சோறு வடிக்கிறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனுக்கும் அது கேட்டது. அந்தக் கேள்வியை அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.