அச்சமும் அயலாரும்

அஞ்சத் தக்கவை உண்டு. அஞ்சத் தகாதவையும் உண்டு என்று வகுத்துக் காட்டினார் வள்ளுவர். அவர் காலத்து மனிதன் தான் கண்டதற்கும், அண்டை வீட்டார் கண்டு சொன்னதற்கும் அஞ்சினான். செய்தித்தாள் வந்தபின், காணாத மனிதருக்கும் அஞ்சக் கற்றான். அவ்வச்சம் தக்கதா, தகாததா என்பதை அவன் எவ்வாறு அறிவது?

பொய்ச் செய்தியைத் தள்ளினாற் போதும் என்பர் சிலர். 1950ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் நிகழ்ச்சியை நோக்கின், அது போதாதென்பது புலனாகும். டச்சுக் கத்தோலிக்கப் பெற்றோரின் மகளாகிய மரியா ஹெர்டோக் ஜப்பானியர் காலத்தில் மலாய் முஸ்லிம் அன்னை ஒருவரிடம் வளர்ந்தாள். பதின்மூன்று வயதில் அவளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிறித்துவக் கன்னிமாடத்தில் அவளைத் துறவியரோடு காட்டும் படங்களையும், தேவமாதா சிலைமுன் முழந்தாளிட்டாள் என்ற செய்தியையும் இதழ்கள் வெளியிட்டன. படங்கள் புனையப்பட்டவை அல்ல. ஆயினும், தம் சமயத்துக்கு இழுக்கு நேர்ந்ததென முஸ்லிம்கள் உள்ளங் கொதித்தனர். டிசம்பர் 11 முதல் 13 வரை மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். வழக்கோடு எத்தொடர்பும் இல்லாதோர், ஐரோப்பியராகவோ யுரேசியராகவோ தோன்றிய ஒன்றுக்காகவே தாக்கப்பட்டனர்.

அவ்வாறாயின் இதழ்களை அடக்கிவிடலாமே எனத் தோன்றும். அடக்குதல் எளிது. ஆனால், செய்தியற்ற ஊரில் வதந்தியே செய்தியாகும். அன்றியும், செய்தியைக் கேட்கத் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்ட மக்களை வாக்களிக்க மட்டும் தகுதியுடையவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

1964இல் அரசு வேறொரு வழியையும் நாடிற்று. அரசியல் மேடைகளும் இதழ்களும் திங்கட்கணக்காக இனப்பகையை மூட்டிய பின், ஜூலை 21ஆம் நாள் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலகம் வெடித்தது. 23 பேர் மாண்டனர். உடனே பல இனப் பெரியோரையும் கொண்ட நல்லெண்ணக் குழுக்கள் வட்டாரங்களில் அமைக்கப்பட்டன. வதந்தியைத் தணிப்பதும், அயலாரிடையே நம்பிக்கையை மீட்பதும் அவற்றின் பணி. ஆயினும், ஒன்றரைத் திங்கள் நிரம்புமுன், செப்டம்பரில் மீண்டும் கலகம். மேலும் 13 உயிர்கள்.

குழுக்கள் பயனற்றவை என இதனால் முடிவு கட்டுதல் நேர்மையாகாது. தீப்பற்றிய பின் தோண்டிய கிணறு அவை. இருபதாண்டு பழகிய சீன முதியவர் அண்டையில் இருப்பின், "சீனர் வருகின்றனர்" என்ற கூக்குரலைக் கேட்ட மலாய்க்காரர் முதலில் அவர் கதவைத் தட்டிக் கேட்பார். அப்பழக்கம் அரசாணையால் ஆறு வாரத்தில் விளைவதன்று. பொதுக்கிணற்றடியிலும், பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும், இழவு வீட்டிலும் மெல்ல மெல்ல விளைவது.

இன்று அச்சம் கைப்பேசி வழியே நொடியில் வந்து சேர்கிறது. அடுக்குமாடியிலோ எதிர்வீட்டுக் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடக்கிறது. குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அழைத்தால், நேரமில்லை என்பாரே மிகுதி.