மூச்சும் கயிறும்

எழுதுகிறவன் தனியன், தன்னை மட்டுமே நம்பி நிற்கும்போதுதான் அவன் தன்னைக் கண்டடைகிறான். இன்று பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கொள்கை இது. தனிமையின் தேவையை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அத்தனிமை எதன் துணையால் நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. தூத்துக்குடிக் கரையில் நின்று அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முத்துக்குளிப்பவனைக் காட்டிலும் தனியன் யார்? கல் கட்டிய கயிற்றிலே கால் பதித்து, முத்துப் பார் கிடக்கும் ஆழத்துக்கு அவன் இறங்குகிறான். அங்கே பேச்சில்லை, துணையில்லை; அடக்கிய ஒரு மூச்சுதான் அவன் முதல். ஆயினும் மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்கிறார். கயிறு அசைந்ததும் அவர் இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று கரையோரத்தில் சொல்வார்கள். உடன்பிறந்தவள் விதவையாகிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறவன் கை தளராது அன்றோ? இக்கரையின் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. இந்தப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

தனிமையை அதன் எல்லைவரை கொண்டுசென்று பார்த்த நூல் ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய நாட்டு இப்னு துஃபைல் எழுதிய ‘ஹய்யு இப்னு யக்ளான்’ என்னும் கதை அது. 1719இல் வெளிவந்த ராபின்சன் குரூசோவுக்குக் கப்பலில் மிஞ்சிய கருவிகளாவது இருந்தன. ஹய்யுக்கு அதுவும் இல்லை. மான் பாலூட்டி வளர்த்த பிள்ளை அவன். தன் சிந்தனை ஒன்றையே பற்றிக்கொண்டு, ஆளற்ற தீவில் படைத்தவனை அறியும் வரை உயர்கிறான். ஆனால் அவனிடம் சொல் இல்லை! அப்ஸால் என்பவர் அத்தீவுக்கு வந்து மொழியைக் கற்பித்த பிறகே தான் கண்டதை அவனால் சொல்ல முடிகிறது. அறிவு தனிமையில் விளையலாம். இலக்கியம் விளையாது என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

நம் பக்கத்து உமறுப்புலவரின் நிலையோ இதற்கு நேர்மாறு. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள எட்டயபுரத்தின் அரசவைப் புலவர் அவர்; அவ்வூரிலேயே அடங்கியிருக்கிறார். அவரிடம் சொல் நிறைய இருந்தது. சீறாவைப் பாடுவதற்கு வேண்டிய வரலாறோ அரபு கற்ற ஆலிம்களிடம் இருந்தது. காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பாவை அவர் நாடிச் சென்றபோது, அவருடைய அவைக்கோலத்தைக் கண்டு அப்பா முதலில் தயங்கினார் என்றும், பின்னரே இசைந்தார் என்றும் வழிவழியாகச் சொல்வர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அந்த வாசலில் உமறு யார்? அவையோர்க்கு அவர் முஸ்லிம். ஆலிமின் கண்ணுக்கோ வேற்றுக் கோலத்தவர். தமிழே போதும் என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம். அல்லது ஏற்றுக்கொள்ளப்படுவதற்காகத் தம் தமிழைக் கழற்றி வைத்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. வரலாற்றைப் பிறரிடம் பெற்றார். பாடும் முறையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதனால்தான் அவர் பாடிய அரபு நாட்டில் தமிழ்நாட்டு மழை பெய்கிறது, வயல் விளைகிறது. பாலை நிலத்தில் வயல் ஏது என்று நகைப்பாரும் உண்டு. நகைக்கட்டும், அந்த வயல் இல்லையேல் அது உமறுவின் நூல் ஆகாது.

பிறரைச் சார்ந்தால் தன்மை கெடாதா என்று கேட்கலாம். கெடுவதும் உண்டு. புரவலர் தம் விருப்பத்துக்கு இழுத்த இழுப்பில் கரையொதுங்கிய புலவர்கள் எத்தனை பேர்! ஆனால் கயிறு பிடிப்பவர் எந்தச் சிப்பியை எடுப்பது என்று சொல்வதில்லை. அது நீருக்குள் இருப்பவன் கைக்கே விடப்பட்டது. சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் உமறுவை ஆதரித்தனர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அச்செய்யுள்களிலே கேட்பது உமறுவின் குரல்தான்.

நபிகள் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் சீறாப்புராணம் பாடி முடிக்கவில்லை. எஞ்சிய பகுதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அதற்குச் ‘சின்னச் சீறா’ என்று பெயர்.